ஒளி தந்த மணல்

ஒரு நகரின் வரலாற்றை அதன் கட்டடங்களைக் கொண்டு எழுதலாம். அதன் வாணிகத்தைக் கொண்டும் எழுதலாம். அதன் விளக்குகளைக் கொண்டு எழுதுவது இன்னொரு வழி. இரவில் மக்கள் எவ்வாறு உழைத்தனர், எவ்வாறு கற்றனர், ஒருவர் முகத்தை ஒருவர் எவ்வாறு கண்டனர் என்பவற்றை விளக்குகளே சொல்லும். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தை இவ்வகையில் ஆராய்ந்தால், அதன் ஒளி வரலாறு தமிழகத்தின் தென்கோடியிலுள்ள ஒரு கடற்கரை மணலோடு உறவு கொண்டிருப்பது புலனாகும்.

எண்ணெயும் வாயுவும்

தஞ்சோங் பகார் என்பது மலாய்ப் பெயர். ‘தஞ்சோங்’ என்றால் முனை. ‘பகார்’ என்றால் வேலி. கடலில் கழிகளை ஊன்றி மீன் பிடித்தோர் வாழ்ந்த முனை அது. சிங்கப்பூர்த் தெருக்களில் 1824ஆம் ஆண்டு முதன்முதலாக விளக்குகள் ஏற்றப்பட்டபோது அவை தேங்காய் எண்ணெயில் எரிந்தன. அவற்றின் ஒளி விளக்குக் கம்பத்தின் அடியைக் காட்டியதேயன்றி வழியைக் காட்டவில்லை.

1864ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மே 24ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் பிறந்த நாளன்று, காலாங்கில் அமைந்த வாயு ஆலையிலிருந்து வந்த வாயுவால் நகரத் தெருக்கள் ஒளி பெற்றன. அதே ஆண்டிலேயே தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தோன்றியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர்க் கப்பல்கள் பெருகின. கப்பல்கள் பெருகியதால் உழைக்கும் கைகளும் பெருகின. அக்கைகளுள் தமிழர் கைகள் பல. பின்னாளில் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இவ்வட்டாரத்தில் திரளாகக் குடியேறினர். அவர்களின் முயற்சியால் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி எழுந்தது. 1982இல் மூடப்படும் வரை அது பல தலைமுறை மாணவர்க்குத் தமிழ் கற்பித்தது. உழைப்பவனுக்கும் கற்பவனுக்கும் ஒருங்கே தேவையான பொருள் ஒன்று உண்டென்றால் அது நல்ல ஒளியே.

தொடக்க கால வாயு விளக்கு வெறும் சுடரே ஆகும். வாயுவை எரித்தால் மஞ்சள் நிறச் சுடரும் கரியும் வெப்பமும் கிடைத்தன. ஒளி சிறிதே கிடைத்தது. எரிபொருளைப் பெருக்குவதால் மட்டும் நல்ல ஒளி கிடைத்துவிடாது, ஒளிரும் பொருள் வேறாக வேண்டும் என்ற உண்மை அக்காலத்தில்தான் விளங்கத் தொடங்கிற்று.

வலையில் பிறந்த வெண்மை

அவ்வுண்மையைச் செயலாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலறிஞர் கார்ல் அவுவர் பான் வெல்ஸ்பாக் ஆவார். புகழ்பெற்ற பன்சனிடம் பயின்ற அவர், ‘அருமண் தனிமங்கள்’ எனப்படும் தனிமங்களை ஆராய்ந்தார். பருத்தி வலையை அத்தனிமங்களின் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி எரித்தார். பஞ்சு எரிந்துபோயிற்று, ஆக்சைடாலான மெல்லிய வலை மட்டும் எஞ்சியது. அதை வாயுச் சுடரின் மேல் வைத்தபோது சுடரினும் பன்மடங்கு ஒளி பிறந்தது. 1885இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆயினும் அவருடைய முதல் வலை வாணிகத்தில் தோற்றது. எளிதில் நொறுங்கியது ஒரு காரணம். அதன் ஒளியில் பச்சைச் சாயல் இருந்தது மற்றொரு காரணம். அவ்வொளியில் மனித முகம் நோயுற்றது போல் தோன்றியதால் மக்கள் அதை விரும்பவில்லை. ஆலையை மூடும் நிலை வந்தது. விளக்கு எவ்வளவு ஒளி தருகிறது என்பதோடு, எத்தகைய ஒளி தருகிறது என்பதையும் மக்கள் பார்க்கின்றனர் என்னும் பாடத்தை அத்தோல்வி கற்பித்தது.

அவுவர் மனம் தளரவில்லை. கலவைகளை மாற்றி மாற்றிச் சோதித்தார். 1891இல் விடை கிடைத்தது: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. தோரியம் ஆக்சைடு கடும் வெப்பத்தையும் தாங்கும். ஆனால் தனியே அது மங்கலாகவே ஒளிரும். சீரியத்தை மிகுதியாகச் சேர்த்தாலும் ஒளி குன்றும். நூற்றுக்கு ஒரு பங்கு சேர்க்கும்போதுதான் வெள்ளொளி வீசும். சமையலில் உப்பு எவ்வாறோ அவ்வாறே விளக்கில் சீரியம்.

இந்த வலை வாயு விளக்குக்குப் புத்துயிர் அளித்தது. பின்னர் மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கி எரிக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் இவ்வலையே தொங்கியது. தமிழர் அதை ‘மேண்டில்’ என்று அழைத்தனர். தமிழகச் சிற்றூர்களின் திருமண ஊர்வலங்களும் தெருக்கூத்துகளும் திருவிழாக்களும் ‘காஸ் லைட்’ வெளிச்சத்தில்தான் நடைபெற்றன. தலையில் விளக்கைச் சுமந்து ஊர்வலத்தின் இருபுறமும் நடந்தவர்களின் முகம் மட்டும் இருளில் இருந்தது.

மணவாளக்குறிச்சி

தோரியத்துக்கும் சீரியத்துக்கும் மூலம் மோனசைட் என்னும் கனிமம். முதலில் அது பிரேசில் நாட்டுக் கடற்கரைகளிலிருந்து பெருமளவில் ஐரோப்பாவுக்குச் சென்றது. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் துகள்களைக் கண்டார். அம்மணல் வந்த இடத்தைத் தேடியவர் மணவாளக்குறிச்சியை அடைந்தார். நார் திரித்தவர்கள் குப்பையென உதறிய மணல், ஒரே நாளில் உலகச் சந்தையின் செல்வமாயிற்று.

சில ஆண்டுகளில் அங்கே மணல் பிரிக்கும் தொழில் தொடங்கியது. திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 8 முதல் 10 வரை இருந்தது. இது பிரேசில் மணலில் இருந்ததைவிட மிகுதி. ஆகவே, உலகின் மேண்டில் தொழிலுக்குத் திருவிதாங்கூர்க் கடற்கரை முதன்மையான மூலமாயிற்று. ஒரு விளக்கின் வலையில் எந்தக் கடற்கரை மணல் கலந்திருந்தது என்பதை விற்றவனும் அறியான்; வாங்கியவனும் அறியான். எனினும் உலகெங்கும் வாயு விளக்கின் கீழ் நின்றோர் பலர் குமரிக் கரையின் மணல் தந்த ஒளியில் நின்றனர் என்பது மிகையாகாது.

நாடு விடுதலை பெற்ற பின்னர் தோரியம் அணுவாற்றலுக்குரிய பொருளாகக் கருதப்பட்டது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1952இல் ஆலுவாயில் அதன் ஆலை திறக்கப்பட்டது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோது மணவாளக்குறிச்சியும் தமிழகத்தின் ஊராயிற்று.

மின்குமிழும் குழல் விளக்கும்

சிங்கப்பூரில் 1906இல் நகராட்சி மின்விளக்குகள் ஒளிரத் தொடங்கின. மின்சாரம் முதலில் மெக்கென்சி சாலை மின் நிலையத்திலிருந்து வந்தது. 1927இல் தஞ்சோங் பகாருக்கு மேற்கே, கடலோரத்தில், செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையம் எழுந்தது. துறைமுகத்தின் இரவு பகலாகத் தொடங்கியது.

மின்குமிழில் டங்ஸ்டன் இழை வெப்பத்தால் வெண்மை பெறுகிறது. அதன் ஒளி இதமானது. நிறங்களை உள்ளபடி காட்டுவது. ஆனால் வீண்செலவு மிகுதி. பெற்ற மின்னாற்றலில் பெரும்பங்கை அது வெப்பமாகவே இழக்கும். ஒரு வாட் மின்னாற்றலுக்கு அது தரும் ஒளி 15 லூமென் அளவைத் தாண்டுவது அரிது.

1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழல் விளக்கு வேறு வழியில் சென்றது. அதனுள் பாதரச ஆவியில் பிறக்கும் புற ஊதாக் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. குழலின் உட்புறம் பூசிய ஒளிர்பொருள் அக்கதிரை ஏற்றுக் காணத்தக்க ஒளியாக மாற்றித் தருகிறது. ஒரு கதிரை வாங்கி மற்றொரு கதிராகத் தரும் இத்தகைய பொருள்களின் வரலாறே பிற்கால விளக்கின் வரலாறு ஆகும்.

தொடக்கக் குழல் விளக்குகள் செலவைக் குறைத்தன. ஆனால் சிவப்பை மங்கச் செய்தன. பட்டுப் புடவை வாங்குவோர் அதைக் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று பகலொளியில் விரித்துப் பார்ப்பது தமிழரிடையே வழக்கமாக இருந்தது. அது ஐயத்தால் வந்த பழக்கமன்று. அறிவால் வந்த பழக்கம். கடை விளக்கு பொய் சொல்லக்கூடும் என்பதைப் பெண்டிர் நன்கு அறிந்திருந்தனர்.

அவ்வறிவையே அனைத்துலக ஒளியியல் ஆணையம் 1965இல் எண்ணால் அளக்க முறை வகுத்தது. ‘நிறங்காட்டும் திறன் எண்’ என்பது அதன் பெயர். நிறங்களை உள்ளபடி காட்டும் விளக்குக்கு 100. துறைமுகங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் செம்மஞ்சளாக எரிந்த உயர் அழுத்தச் சோடிய விளக்குக்கு ஏறத்தாழ 25. அவ்வொளியில் பொருளின் உருவம் தெரியும், நிறம் தெரியாது.

1970களில் குழல் விளக்கின் தரம் உயர்ந்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனி ஒளிர்பொருள்களைக் கலக்கும் முறை வந்தது. சிவப்பைத் தந்தது யூரோப்பியம் என்னும் அருமண் தனிமம். பச்சை ஒளிர்பொருளில் சீரியம் மீண்டும் இடம் பெற்றது. மேண்டிலோடு மறைந்துவிடும் என்று எண்ணத்தக்க அருமண் தனிமங்கள், மின்விளக்கின் வழியே திரும்பி வந்தன.

நீலத்தின் வெற்றி

ஒளியுமிழ் இருவாய், அதாவது எல்.இ.டி., என்பது வெப்பமின்றி ஒளி தரும் குறைகடத்திச் சில்லு ஆகும். 1962இல் நிக் ஹோலோன்யாக் காணத்தக்க சிவப்பு ஒளி தரும் இருவாயை உருவாக்கினார். பச்சையும் மஞ்சளும் தொடர்ந்தன. நீலம் மட்டும் எட்டாக்கனியாக இருந்தது. நீலம் இல்லையேல் வெண்மை இல்லை.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அக்கசாக்கியும் அவர் மாணவர் ஹிரோஷி அமானோவும், பலர் கைவிட்ட காலியம் நைட்ரைடு என்னும் பொருளை விடாது ஆராய்ந்தனர். 1986இல் அதன் தெளிந்த படிகத்தை வளர்ப்பதில் வெற்றி கண்டனர். நிச்சியா என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஷுஜி நாக்கமுரா 1993இல் ஒளி மிக்க நீல இருவாயை அறிவித்தார். மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நிச்சியா நிறுவனம் சில்லு செய்யத் தோன்றியதன்று. குழல் விளக்குக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் ஒளிர்பொருள் செய்து வளர்ந்த நிறுவனம் அது. ஆகவே நீலச் சில்லு கையில் வந்ததும், அதன் மேல் எந்தப் பொடியைப் பூசலாம் என்ற கேள்விக்கு விடை அவர்கள் தொழிலிலேயே இருந்தது. அவர்கள் தேர்ந்த பொடி, இட்ரியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கோமேதக வகைப் படிகம். அதில் இட்ரியம் இருக்க வேண்டிய இடங்களில் ஒரு சிறு பங்கைச் சீரியம் பிடித்துக்கொள்ளும். இப்பொருளைப் பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளாசே, பிரில் ஆகிய இருவரும் 1967இலேயே வண்ணத் தொலைக்காட்சித் தொழிலுக்காக விவரித்திருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்த பொருளுக்கு 1996இல் உரிய வேலை கிடைத்தது.

அது செயற்படும் முறை எளிது. சில்லு நீல ஒளியை உமிழ்கிறது. அதன் ஒரு பகுதி பொடியின் ஊடே அப்படியே வெளியேறுகிறது. மற்றொரு பகுதியைச் சீரியம் ஏற்று மஞ்சளாக மாற்றி வெளிவிடுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. மேண்டிலில் கடும் வெப்பத்தால் ஒளிர்ந்த சீரியம், இங்கே நீல ஒளியால் ஒளிர்கிறது. இங்கும் ஒரு சிட்டிகையே போதும்.

சிவப்பைத் தேடி

ஆயினும் அவுவரின் முதல் வலைக்கு நேர்ந்த இடரே முதல் வெள்ளை இருவாய்க்கும் நேர்ந்தது. நீலமும் மஞ்சளும் மட்டும் கலந்த வெண்மையில் சிவப்பு குறைவு. அதன் நிறங்காட்டும் திறன் 70 அல்லது 75 அளவிலே நின்றது. குங்குமம் பழுப்பாகவும், முகம் வெளிறியும், சோற்றின் மேல் ஊற்றிய குழம்பு சுவையற்றதாகவும் தோன்றின. மருத்துவர் நோயாளியின் தோல் நிறத்தைக் காணவும், மாணவர் வண்ணப்படத்தைக் காணவும் இவ்வொளி போதாது.

பொது எண்ணை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடும். எட்டு மென்னிறங்களின் சராசரியே பொது எண். ஆழ்ந்த சிவப்பு அவ்வெட்டினுள் சேராது. ஒன்பதாவதாகத் தனியே அளக்கப்படும். ஆகவே, பொது எண் 80 பெற்ற விளக்கும் சிவப்பைக் காட்டுவதில் மிகவும் பின்தங்கலாம். தேர்வில் சராசரி நன்றாயிருந்தும் ஒரு பாடத்தில் தவறிய மாணவனைப் போன்றது அவ்விளக்கு.

சிவப்பு ஒளிர்பொருளுக்கு வேண்டிய தகுதிகள் பல. அது நீல ஒளியை ஏற்க வேண்டும். பச்சையை விழுங்கிவிடக் கூடாது. சில்லின் வெப்பத்தில் மங்கக் கூடாது. காற்றின் ஈரத்தில் கெடக் கூடாது. சிங்கப்பூர் போன்ற ஈரமிகு நாட்டில் இறுதித் தகுதி முதன்மையானது. முதலில் பயன்பட்ட சல்பைடு வகைப் பொருள்கள் ஈரத்தால் சிதைந்தன. 2000களில் ஐரோப்பியரும் ஜப்பானியரும் யூரோப்பியம் ஏற்றிய நைட்ரைடு வகைப் பொருள்களை உருவாக்கினர். அவை வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கின. நிறங்காட்டும் திறனை 90க்கு மேல் உயர்த்தின.

ஆனால் அவற்றிலும் ஒரு குறை உண்டு. அவற்றின் சிவப்பு அகன்று பரவுவது. அதன் ஒரு பகுதி கண்ணால் உணர இயலாத ஆழ்சிவப்பில் விழுந்து வீணாகிறது. நிறம் செம்மையுற்றால் சிக்கனம் குறைகிறது. இக்குறையைப் போக்க, குறுகிய கோடுகளாகச் சிவப்பைத் தரும் பொட்டாசியம் ஃபுளோரோசிலிகேட் வந்தது. அதில் ஒளிர்வது மாங்கனீசு. அருமண் தனிமம் அதற்குத் தேவையில்லை. ஈரத்திலிருந்து காக்க அதன் துகள்களுக்கு மேற்பூச்சு இட வேண்டியுள்ளது. ஒளி மிகுதி, நிறச் செம்மை, நீண்ட ஆயுள் ஆகிய மூன்றையும் ஒரே பொடியில் பெறுவதே ஆய்வாளரின் நோக்கம். மூன்றையும் குறைவின்றித் தரும் பொடி ஒன்றைக் காணும் முயற்சி இன்னும் முடியவில்லை.

இத்தேடலில் தமிழகமும் பங்கு கொண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிவகுமார், வரதராஜு ஆகியோர் வெள்ளை இருவாய்களுக்கான சிவப்பு ஒளிர்பொருள் பற்றிய ஆய்வுரையை 2005இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தவை யூரோப்பியம் சேர்ந்த டங்ஸ்டேட், மாலிப்டேட் வகைப் பொருள்கள். அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் ஒளிர்பொருள் ஆய்வு நடைபெற்று வந்துள்ளது.

மணலும் மக்களும்

2010இல் சீனா அருமண் தனிமங்களின் ஏற்றுமதியைச் சுருக்கியது. 2011இல் அவற்றின் விலை பன்மடங்கு ஏறிற்று. விளக்குப் பொடியின் விலையும் உடன் ஏறியது. மணலைத் தோண்டுவதால் மட்டும் ஒரு நாடு வளம் பெறுவதில்லை. மணலைப் பிரிக்கும் கலையும், பிரித்ததைப் பொடியாக்கும் கலையும், பொடியை விளக்காக்கும் கலையும் சேர்ந்தே வளம் தரும் என்பதை உலகம் அப்போது நன்கு உணர்ந்தது. குமரிக் கரையிலிருந்து மணல் புறப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அம்மணலால் உலகம் ஒளி பெற்ற அளவுக்கு அக்கரை வளம் பெற்றது என்று கூற இயலாது.

அக்கரையில் வாழ்வோர்க்கு அச்சமும் உண்டு. மோனசைட் கதிரியக்கம் உடையது. கரை அகழப்பட்டால் கடல் ஊருக்குள் வரும். 2024இல் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்கும் திட்டம் பேசப்பட்டபோது மீனவச் சிற்றூர்கள் எதிர்த்து எழுந்தன. அக்குரலை முன்னேற்றத்துக்குத் தடையென்று தள்ளுவது அறமாகாது. பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்தவனின் முகம் இருளில் இருந்தது போல், ஒளிக்குரிய மண்ணைத் தந்தவர் வாழ்வு இருளில் இருத்தல் தகாது. ஒளிர்பொருள் ஆய்வு இங்கும் உதவக்கூடும். குழல் விளக்கோடு ஒப்பிட்டால் வெள்ளை இருவாய்க்கு வேண்டிய அருமண் மிகச் சிறிது. பொடி திருந்தத் திருந்த, தோண்ட வேண்டிய மணலும் குறையும்.

தஞ்சோங் பகார் இன்று வேறு உலகம். 1932இல் திறக்கப்பட்ட அதன் தொடர்வண்டி நிலையம் 2011இல் ஓய்ந்தது. 1972இல் முதல் கொள்கலன் கப்பலை வரவேற்ற துறைமுகம் தன் பணியை மேற்கே ஒப்படைத்து வருகிறது. 1989இல் பாதுகாப்பு பெற்ற பழைய கடைவீடுகளின் மேல் வானுயர் கட்டடங்களின் ஒளி விழுகிறது. சிங்கப்பூர்த் தெருக்களில் சோடிய விளக்கின் செம்மஞ்சள் மறைந்து, இருவாய்களின் வெண்மை பரவிவிட்டது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் எடுத்த முடிவின்படி, பொதுப் பயன்பாட்டுக்கான குழல் விளக்குகளின் உற்பத்தியும் வாணிகமும் 2027க்குள் முடிவுக்கு வர வேண்டும். இனிப் பிறக்கும் குழந்தைகள் அரிச்சுவடியைக் காண்பது இவ்வெண்ணொளியில்தான்.

ஆதலின் அவ்வொளி எத்தகையது என்று கேட்பது நிபுணர்க்கு மட்டும் உரிய கடமையன்று. பள்ளிக்கு விளக்கு வாங்குவோர் வாட்டையும் விலையையும் பார்ப்பது போல் நிறங்காட்டும் எண்ணையும் பார்க்க வேண்டும். சிவப்புக்குரிய ஒன்பதாம் எண்ணையும் கேட்டறிய வேண்டும். புடவையை வாசலுக்கு எடுத்துச் சென்று பார்த்த தமிழ்ப் பெண்ணின் அறிவு அதுவே. விளக்கின் தொழில் இருளை அகற்றுவதோடு முடிவதில்லை. பொருளை உள்ளபடி காட்டுவதிலேயே அது நிறைவு பெறுகிறது. எண்ணெய் விளக்கு முதல் இருவாய் வரை இரு நூற்றாண்டாக மனிதன் தேடியது அந்த உண்மை ஒளியையே. அத்தேடலில் ஒரு சிட்டிகை சீரியமும் ஒரு பிடி குமரி மணலும் கலந்திருப்பது தமிழர் அறிந்து கொள்ளத்தக்க வரலாறாகும்.